யாரும் வரவில்லை, பார்க்கவில்லை

போன தை மாதம், முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்காகச் செட்டியாரின் பெரிய வீடு நிறைந்திருந்தது. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கி, வளவு என்கிற உள்முற்றம் முழுக்க ஜமுக்காளம் விரித்து, மூன்றாங்கட்டில் சமையல்காரர்கள் நாலு அடுப்பு மூட்டி, காலை ஆறு மணிக்கே ஊருக்குள் பணியார வாசனை. புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த மருமகள் ஒருவர், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, தூணில் சாய்ந்து நின்று என் அப்பாவிடம் கேட்டார்: “அண்ணே, இந்த வீடு எப்பவுமே இப்படித்தான் கலகலன்னு இருக்குமா?” அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், “ஆமா ஆச்சி, எப்பவும் இப்படித்தான்” என்றார்.

நான் பக்கத்தில் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கேன் நழுவிவிட்டது. அப்பா அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. நான் பிறந்து வளர்ந்ததே அந்த வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிய இரண்டு அறையில்தான். வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் அது பூட்டிக் கிடக்கும். வௌவால் எச்சம் கழுவுவது, ஓடு நகர்ந்தால் ஆள் கூப்பிட்டு மாற்றுவது, தூணுக்கு எண்ணெய் போடுவது, கரையான் பார்ப்பது, இதுதான் அங்கே நடக்கிற வாழ்க்கை. (ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் பர்மாத் தேக்கைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எழுதப் போவதில்லை.) ராத்திரி அப்பாவிடம், ஏன்ப்பா பொய் சொன்னே என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு பொய்யாடா கேட்டுச்சு? அது கண்ணால பாத்ததைத்தானே கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

சாதாரணமாக இருந்தால் இதை நான் மறந்திருப்பேன். ஆனால் அந்த வாரம் முழுக்க வேறொரு இடத்தில் இதே கேள்வியில் சிக்கிக்கொண்டு கிடந்தேன். அது ஒரு நட்சத்திரம் சம்பந்தப்பட்டது. அதனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

98 நிமிடம்

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஆராய்ச்சியாளன் எல்லாம் இல்லை. ஆனால் எக்ஸ்-ரே வானியலில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான துணைக்கோள்களின் தரவு குறிப்பிட்ட காலம் கழித்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் பல பத்தாண்டுகளின் தரவு கிடக்கிறது, நம் அஸ்ட்ரோசாட் தரவை இஸ்ரோவின் தளத்தில் எடுக்கலாம். மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் போதும். எம்.எஸ்சி. படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது, சனி ஞாயிறுகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஈ.எக்ஸ். ஹைட்ரே. ஏறத்தாழ 200 ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஒரு ஜோடி. ஒன்று வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம், எடை சூரியனில் முக்கால் பங்குக்கு மேல், உருவம் பூமி அளவு. இன்னொன்று சின்னச் சிவப்பு நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவே நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒன்றை ஒன்று முழுசாகச் சுற்றி வர 98.26 நிமிடம். காரைக்குடியில் திருச்சி பஸ் ஏறினால் கீரனூர் வருவதற்குள் இரண்டு நட்சத்திரங்கள் ஒரு சுற்று முடித்துவிடும், இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் என்னவோ செய்யும்.

இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் சிவப்பு நட்சத்திரத்தின் வாயுவை வெள்ளைக் குள்ளன் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்த வகை ஜோடிகளுக்குக் கேட்டக்ளிஸ்மிக் வேரியபிள் என்று பெயர். அதில் வெள்ளைக் குள்ளனுக்கு வலுவான காந்தப்புலமும் இருந்துவிட்டால் கதையே மாறிப்போகிறது. வாயு நிதானமாகச் சுற்றிச் சுற்றி இறங்க முடியாது. காந்தக்கோடுகள் பிடித்து இழுத்துக் காந்தத் துருவங்களுக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டும். நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் தலைகீழாக விழுகிற வாயு, தரைக்குச் சற்று மேலே அதிர்ச்சியலையில் முட்டி நிற்கிறது. வேகம் எல்லாம் சூடாகிறது, பத்துக் கோடி டிகிரிப் பக்கம். அந்தச் சூட்டில் வருவதுதான் எக்ஸ்-ரே. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்கிற அதே எக்ஸ்-ரேதான், வேறொன்றுமில்லை. காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடுவதில்லை என்பதால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும்.

புலம் மிகப் பலமாக இருந்து வெள்ளைக் குள்ளனின் சுழற்சியையும் ஜோடியின் சுற்றையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அது போலார். கொஞ்சம் குறைவாக இருந்து வெள்ளைக் குள்ளன் தனக்கென்று ஒரு வேகத்தில் சுழன்றால் இன்டர்மீடியட் போலார். ஈ.எக்ஸ். ஹைட்ரே இரண்டாவது வகை, அதிலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஆள். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் வெள்ளைக் குள்ளன் ஜோடியின் சுற்றைவிடப் பத்து மடங்கு போல வேகமாகச் சுழலும். இதுவோ 67 நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்றில் இரண்டு பங்கு. ஆக இந்த நட்சத்திரத்தின் எக்ஸ்-ரேயில் இரண்டு தாளம் கலந்து கேட்கும், 67-இல் ஒன்று, 98-இல் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் எனக்கே கொடுத்துக்கொண்ட வீட்டுப்பாடம். இதை 1980-களிலேயே செய்து முடித்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். கோலம் போடக் கற்றுக்கொள்கிறவர் புதுக் கோலமா போடுகிறார்?

எக்ஸ்-ரே தரவைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் என்று எதுவும் வருவதில்லை. வருவது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியும் ஒரு ஃபோட்டான்: எத்தனை மணி, எத்தனை நொடி, நொடியில் எத்தனை பங்கில் வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது, கருவியின் எந்த மூலையில் விழுந்தது. நொடிக்குச் சில ஃபோட்டான்கள், சில சமயம் அதுவும் இல்லை. செட்டியார் வீட்டுக் கணக்கில் சிட்டை என்று ஒன்று உண்டு இல்லையா, நடந்தது நடந்தபடி அன்றன்றைக்கு எழுதுவது, பேரேட்டுக்குப் போவதற்கு முந்தையது, அதுதான் இது. இருநூறு வருஷம் பயணம் செய்து வந்த ஒரு ஒளித்துகளுக்கு ஒரு வரி. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே போவதில் ஒரு போதை இருக்கிறது, அதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 600, 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிற ஒரு துணைக்கோளின் ஒரு நாள் தரவு. ஃபோட்டான்களை நிமிடவாரியாக எண்ணி, நேரத்தை ஒழுங்காக அடுக்கி, எந்தத் தாளம் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற நிரலில் கொடுத்தேன். படைப்புக்கு மூன்று நாள் முன்னால், ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். திரையில் 98 நிமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிகரம். சின்னச் சிகரமா, கோயில் கோபுரம் மாதிரி! மற்றதெல்லாம் அதன் காலடியில் குப்பை. 67 இருக்கிற இடத்தில் லேசான மேடு. எனக்குக் கைகால் ஓடவில்லை. இவ்வளவு ஆழமான 98 நிமிடத் தாளத்தை இந்த நட்சத்திரத்தில் யாரும் சொன்னதில்லையே, நட்சத்திரம் ஏதோ புது நிலைக்குப் போயிருக்கிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசு எங்கெங்கோ போய்விட்டது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிற அக்கா ஒருவர் உண்டு, கல்லூரியில் எனக்கு மூத்தவர், இதையே தொழிலாகச் செய்கிறவர். அந்த நேரத்துக்கே படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார்.

“தம்பி, அந்த சேட்டிலைட் பூமியை ஒரு சுத்து சுத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“தொண்ணூத்தேழு சொச்சம்க்கா.”

“உன் நட்சத்திரம்?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

“இன்னொண்ணு. பூமி மறைக்கிற நேரத்துக்கு என்ன போட்டே?”

“பூஜ்யம்க்கா.”

“சரி, போய்த் தூங்கு” என்று வைத்துவிட்டார்.

வைத்த பூஜ்யம்

நான் செய்த தப்பைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டாவதுதான் என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

தாழ்வான பாதையில் சுற்றுகிற துணைக்கோளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வரும். நட்சத்திரம் இருக்கிற திசையைப் பொறுத்து அரைமணி நேரத்துக்கு மேல்கூட மறைத்துவிடும். தென் அட்லாண்டிக் மேலே துகள்கள் அதிகமான ஒரு பகுதி உண்டு, அதைக் கடக்கும்போது கருவியை அணைத்தும் வைப்பார்கள். அதனால் தரவு எப்போதும் பல் போன வாய் மாதிரி இருக்கும், கொஞ்சம் இருக்கும், கொஞ்சம் இருக்காது. பார்க்க முடியாத அந்த அரைமணி நேரத்துக்கு நான் என் அட்டவணையில் 0 என்று போட்டிருந்தேன். ஃபோட்டான் வரவில்லை, எனவே 0. நிரலுக்கு அது எப்படித் தெரியும்? நட்சத்திரம் ஒவ்வொரு 97 நிமிடத்துக்கும் ஒரு தடவை அணைந்து அணைந்து எரிகிறது என்று நினைத்துக்கொண்டது. என் கோபுரம் நட்சத்திரத்தினுடையது இல்லை, பூமியினுடையது.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். மாறாமல் ஒரே அளவில் எரிகிற ஒரு கற்பனை விளக்கை எடுத்து, அதே நேரங்களில் அதே மாதிரி ஓட்டை போட்டு, அதே நிரலுக்குக் கொடுத்தேன். அதே கோபுரம், கலசம்கூடக் குறையவில்லை.

இது முதல் தப்பு, இதைத் திருத்துவது சுலபம். ஓட்டையை 0 என்று போடாமல் ஓட்டையாகவே விட்டுவிட வேண்டும். விட்டேன். கோபுரம் இடிந்து விழுந்தது, 67 தலைதூக்கியது. அப்புறம்தான் இரண்டாவது சிக்கல் புரிந்தது. 650 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 97.7 நிமிடம். நட்சத்திர ஜோடிக்கு 98.26. வித்தியாசம் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து விலகி, துணைக்கோள் மறுபடி எட்டிப் பார்க்கும்போது, அந்த ஜோடியும் ஏறக்குறைய அதே நிலையில் வந்து நிற்கிறது. ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் ஓட்டை எட்டு நிமிடம்தான் நகரும். முப்பத்தைந்து நிமிட ஓட்டையில் எட்டு நிமிடம் நகர்ந்தால், மிச்சம் இருபத்தேழு நிமிடத்துச் சுற்றை அந்த நாளில் யாருமே பார்க்கவில்லை. ஜோடியின் சுற்றில் கால் பங்குக்கும் மேல். சிவப்பு நட்சத்திரம் குறுக்கே வந்து எக்ஸ்-ரேயைச் சில நிமிடம் பாதியாக மறைக்கிற கிரகணம் இந்த ஜோடியில் உண்டு, அது அந்தக் கால் பங்குக்குள் விழுந்திருந்தால் இப்படிப்பட்ட தரவை மட்டும் வைத்துக்கொண்டு இதில் கிரகணமே இல்லை என்று சத்தியம் செய்யலாம். தப்பான சத்தியமும் இல்லை, பார்த்த வரைக்கும் இல்லைதானே.

அந்த மருமகள் ஞாபகம் வந்தது இங்கேதான். அவர் வீட்டுக்கு வருகிற நாளும் வீடு நிறைகிற நாளும் ஒன்றே. வருஷா வருஷம் வந்தாலும், முப்பது தடவை வந்தாலும், அவருக்குக் கிடைக்கிற தரவு ஒன்றுதான். இன்னும் அதிக தடவை பார்ப்பதால் இது சரியாகாது. வேறு நேரத்தில் பார்க்க வேண்டும்.

வானியலாளர்கள் இந்தச் சிக்கலுக்கு விடை கண்டது பாதையை மாற்றித்தான். 1983-இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய எக்ஸோசாட் நீள்வட்டப் பாதையில் பூமியை விட்டு வெகுதூரம் போய்த் திரும்பியது, ஒரு சுற்றுக்கு 90 மணி நேரத்துக்கு மேல். நாள்கணக்கில் கண் இமைக்காமல் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க முடிந்தது. மணிக்கணக்கில் சுற்றுகிற இந்த ஜோடிகளுக்கு அது வரப்பிரசாதம். ஈ.எக்ஸ். ஹைட்ரேயின் எக்ஸ்-ரே கிரகணமும், வெள்ளைக் குள்ளனைச் சுற்றி வாயு தேங்கி நிற்கிற வட்டின் விளிம்பு புடைத்து மறைப்பதால் வருகிற பள்ளமும் நன்றாகத் தெரிந்தது அந்தக் காலத்தில்தான். 1999 டிசம்பரில் போன எக்ஸ்.எம்.எம்.-நியூட்டனும் அதே வழிதான், 48 மணி நேரச் சுற்று. தாழ்வான பாதையில் இருந்தால் இன்னொரு வழி, ஓட்டை நகர்ந்து மூடும்வரை நாள்கணக்கில் விடாமல் பார்ப்பது. எக்ஸ்-ரேயின் துருவமுனைப்பை, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளக்கிற ஐக்ஸ்பி துணைக்கோள் 2025 தொடக்கத்தில் இதே ஈ.எக்ஸ். ஹைட்ரேயை ஒரு வாரம் போலப் பார்த்தது. அதை வைத்து, வெள்ளைக் குள்ளனின் துருவத்தில் எழும் சூட்டுத் தூண் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் உயரம் என்று கணித்திருக்கிறார்கள், வெள்ளைக் குள்ளனின் ஆரத்தில் கிட்டத்தட்டப் பாதி. இருநூறு ஒளியாண்டு தள்ளி இருக்கிற, பூமி அளவே ஆன ஒன்றின் மேல் நிற்கிற தூணுக்கு உயரம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வளவுத் தூணின் உயரம் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பூட்டிக் கிடக்கும் நட்சத்திரம்

இந்தக் குடும்பத்தின் மூத்த ஆள் ஏ.எம். ஹெர்குலிஸ். 1923-இல் ஜெர்மனியில் மாக்ஸ் வுல்ஃப், வெளிச்சம் மாறுகிற நட்சத்திரம் என்று குறித்து வைத்தார். அவ்வளவுதான், அப்புறம் அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கென்யாவின் சுதந்திர நாளான 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட உஹுரு, வானம் முழுக்க எக்ஸ்-ரே எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போட்டது. உஹுரு என்றால் ஸ்வாஹிலியில் விடுதலை. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு புள்ளிக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடிப் போனபோது இந்தப் பழைய நட்சத்திரம் பக்கத்தில் இருந்தது. 1976-இல் தாப்பியா என்ற வானியலாளர் அதன் ஒளி பலமாகத் துருவமுனைப்பு கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்படி வர வேண்டுமென்றால் அங்கே பயங்கரமான காந்தப்புலம் இருந்தாக வேண்டும். இன்றைய கணக்கில் 1.4 கோடி காஸ் போல, காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கிற அலகு. நம் பூமியின் காந்தம் அரை காஸ். போலார் என்கிற பெயரே இதற்குப் பிறகுதான் வந்தது.

ஏ.எம். ஹெர்குலிஸிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. அது சில சமயம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். சிவப்பு நட்சத்திரத்திலிருந்து வாயு வருவது ஏறக்குறைய நின்றுபோகும், தூண் அவியும், எக்ஸ்-ரே மங்கிவிடும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் பல மடங்கு குறையும். போலார் வகையில் சேர்த்து வைப்பதற்கு வட்டு கிடையாது, வரத்து நின்றால் உடனே வீடு இருட்டு. எப்போது நிற்கும், எப்போது திரும்ப வரும், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதெல்லாம் தெரிந்தது துணைக்கோள்களால் மட்டும் இல்லை, அவை எப்போதாவது ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவைதான், விருந்தாளிகள். பல பத்தாண்டுகளாக ராத்திரி ராத்திரியாகக் கொல்லையில் தொலைநோக்கி வைத்துப் பார்த்து எழுதி அனுப்புகிற ஆர்வலர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்குத்தான் அந்தக் குறிப்புகள் போகின்றன. அவர்களுடைய எழுத்துமுறையில் எனக்கு மிகவும் பிடித்த குறி ஒன்று உண்டு. பார்த்தேன், நட்சத்திரம் தெரியவில்லை என்றால் வெறுமனே விட்டுவிட மாட்டார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஆக மங்கலான நட்சத்திரம் எதுவோ அதன் அளவை எழுதி, ‘இதைவிட மங்கல்’ என்று முன்னால் ஒரு குறி போடுவார்கள். பார்க்கவே இல்லை என்றால் வரியே இருக்காது. இல்லை என்பதற்கும் பார்க்கவில்லை என்பதற்கும் நடுவே இவ்வளவு கவனமாக ஒரு வேலி போட்டிருக்கிறார்கள், நான் அதன் மேல் ஏறி நின்று பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அப்பாவின் நோட்டு

படைப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன மூன்றாம் நாள், சாமான் அறை சாவிக்கொத்து எங்கே என்று தேடும்போது அப்பாவின் நோட்டு கையில் கிடைத்தது. லாங் சைஸ், ரூல் போட்டது, அட்டையில் எண்ணெய்க் கறை. இப்படி ஒன்று எழுதுகிறார் என்று தெரியும், பெரிய செட்டியார் இருந்த காலத்தில் பழக்கிவிட்டது, ஒரு நாளும் திறந்து படித்ததில்லை. நாளுக்கு ஒரு வரி. “கிழக்கு வளவு ஓடு 2 மாற்றியது. யாரும் வரவில்லை.” “மழை. முகப்பில் ஒழுகல் இல்லை. யாரும் வரவில்லை.” “டூரிஸ்ட் 4 பேர் வெளியிலிருந்து போட்டோ எடுத்தார்கள். உள்ளே விடவில்லை.” பக்கம் பக்கமாக யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் முழுசாக எழுதியிருக்கிறார், சலிக்காமல், மேற்படி என்றுகூடச் சுருக்காமல்.

நடு நடுவே வேறு ஒரு வார்த்தை வந்தது. “பார்க்கவில்லை.” அவ்வளவுதான். யாராவது வந்தார்களா, ஓடு நகர்ந்ததா, எதுவும் இல்லை, “பார்க்கவில்லை” மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. எம்.எஸ்சி. படித்த நான் போட்ட பூஜ்யத்தை எட்டாவது படித்த இவர் போடவில்லை பாருங்கள் என்று அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று போனைக்கூட எடுத்தேன். அப்போதுதான் தேதிகளைப் பார்த்தேன். கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. அடுத்த புதன்கிழமை. அதற்கடுத்ததும். தரவில் தாளம் தேடுகிற புத்தி எங்கே போகும், விரலை வைத்து எண்ணினேன். ஒன்பது புதன்கிழமை, ஏழு நாளுக்கு ஒன்று, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்பதாவதில் மட்டும் பக்கத்தில் சின்ன எழுத்தில், “ஆஸ்பத்திரி. கட்டு பிரித்தாச்சு.”

நான் சனிக்கிழமை ராத்திரி வருவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புவேன். எத்தனை வருஷமாக என்று கணக்கில்லை, தவறாமல் வருகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் அப்பா நன்றாகத்தான் இருந்தார். வேட்டியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியிருந்தார், இப்போது யோசித்தால் அது ஞாபகம் வருகிறது. யாராவது கேட்டால், அப்பா கல்லு மாதிரி இருக்கார் என்று சொல்லியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். கேட்டதற்கு, சர்க்கரை, காலில் சின்னப் புண், ஆறிவிட்டது, வாரத்தில் ஒரு நாள் கட்டு மாற்றப் போனேன், இதுக்கெல்லாம் உனக்கு போன் பண்ணணுமா என்றார். “நீ வர்ற அன்னிக்கு நல்லாத்தானேடா இருந்தேன்.”

சண்டை போட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியே வர முயற்சி செய்கிறேன், இரண்டு தடவை சொல்லாமல் வார நடுவில் பஸ் ஏறி வந்தேன். ஈ.எக்ஸ். ஹைட்ரேவுக்கு எக்ஸ்.எம்.எம்.-நியூட்டனின் நீளமான தரவைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன், இதில் பூமி குறுக்கே வருவதில்லை. பழைய ஒரு நாள் தரவையும் தூக்கிப் போடவில்லை. அதன் வரைபடத்தில் கால் பங்கு இடம் வெறுமையாக இருக்கிறது, கோடு போட்டு இணைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை அப்படித்தான் சொல்லாமல் வந்தேன். மணி எட்டு இருக்கும். பெரிய வீடு இருட்டு, முகப்பில் ஒரே ஒரு பல்பு, அப்பா அதற்குக் கீழே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். எட்டிப் பார்த்தேன். “தூணுக்கு எண்ணெய் போட்டது. யாரும் வரவில்லை” என்று எழுதி முடித்திருந்தார். பேனாவை மூடப் போனவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடைசி இரண்டு வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதினார், “மகன் வந்தான். இரவு 8.”